சிவப்புப் பாசிக் கஞ்சி

எங்கள் மரவள்ளிக்குக் கடல்பாசி உரம் தெளித்த வருஷம் இலைகள் கருகருவென்று வந்தன. அன்றிலிருந்து என் கணவருக்குக் கடல்பாசி மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. சங்கராபுரம் பக்கம் கடலைப் பற்றி இவ்வளவு பேசியவர் வேறு யாரும் இருக்க முடியாது. இத்தனைக்கும் அவர் கடலில் கால் நனைத்தது ஒரே ஒரு முறை.

கரியாலூர் அருவி பார்க்க வந்த ராமநாதபுரத்து நண்பர் ஒருவர், சமையலுக்கு ஆகிற சிவப்புப் பாசியைக் காயவைத்து ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். அதில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் குளிர்ச்சி, நல்ல சத்து என்றார். எனக்கு ஏழெட்டு வருஷமாகத் தைராய்டு குறைபாடு, தினமும் விடிந்ததும் ஒரு மாத்திரை.

"மரவள்ளிக்கே அப்பிடி வேல செய்யுது, உனுக்குச் செய்யாதா?" என்றார் இவர்.

மறுநாள் விடிந்ததும் சமையலறையில் பாத்திரம் உருண்டது. பாசியை அலசி, கொதிக்கவிட்டு, வெல்லம் போட்டு, டம்ளரோடு வந்து நின்றார். வழுவழுவென்று இறங்கியது, ருசியும் பரவாயில்லை. முதல் வாரம் அடியுரமாம், அரை டம்ளர். பிறகு மேலுரம், ஒரு டம்ளர்.

இரண்டு மாதத்தில் என் முகம் உப்பியது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். சித்திரை வெயிலில் போர்வை கேட்டேன். இவருக்கோ ஒரே பெருமை.

"முகம் எப்பிடி தேறிக்கினு வருது பாருங்க" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினார்.

"இது தேறுறது இல்லப்பா, வீக்கம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றார் அக்கா.

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். இவர் கஞ்சியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார்.

"சாப்பிடற பொருள்தான், விஷம் இல்ல. ஆனா பாசில அயோடின் ஜாஸ்தி இருக்கலாம். தைராய்டு இருக்கறவங்க எங்கள கேக்காம தினமும் குடிக்கக் கூடாது. ஜாஸ்தியானாலும் கோளாறு, கம்மியானாலும் கோளாறு. மாத்திர ஒழுங்கா போடறீங்களாம்மா?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

திரும்பும் வழியில் இவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். முகம் செத்துப்போயிருந்தது.

"நானே உன் உடம்பக் கெடுத்துட்டேன்."

அதற்கு மேல் என்னால் பொய்யைக் கட்டிக்காக்க முடியவில்லை. "நீங்க இல்லீங்க. மாத்திரய நிறுத்தினது நான்தான். வெறும் வயித்துல அதப் போட்டா ஒரு மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. நீங்க டம்ளரோட நிக்கும்போது எப்பிடி வேணாம்னு சொல்றது? கட்டிக்கினு வந்து இருவது வருஷத்துல எனக்காக அடுப்பு பத்த வச்சது அப்பதான்."

சொல்லும்போதே அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. இவர் வண்டியை வந்த பக்கமே திருப்பினார்.

"ஏறு. டாக்டரம்மாகிட்ட நெசத்தச் சொல்லிட்டு வந்துடலாம்."

ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும், திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஏன், நான் அரிசில கஞ்சி காய்ச்சினா குடிக்க மாட்டியா?"