பிரம்மநாயகி நிறுத்திய எண்

வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் எங்கள் கம்பெனி. பெரிய நிறுவனங்கள் போன், இன்டர்நெட், சாஃப்ட்வேர் என்று மாதாமாதம் கட்டும் பில்லை எல்லாம் எங்கள் சாஃப்ட்வேர் படித்து, எதை யாரும் பயன்படுத்தவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லும். வேலையை விட்டுப் போனவர் பெயரில் ஓடுகிற சிம் கார்டு, பூட்டிக் கிடக்கும் கிளைக்குப் போகிற இணைப்பு, இப்படி. திரையில் அவை சிவப்பாக வரும். ஒரு ஆள் பார்த்து 'நிறுத்து' என்று அழுத்தினால் இணைப்பு போய்விடும். புதிய இணைப்பு கேட்பதும் எங்கள் வழியாகத்தான். அப்படி அழுத்துகிறவர்களில் ஒருவர் பிரம்மநாயகி அக்கா. நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி.

அக்காவுக்கு ஊர் முக்கூடல். எங்களோடு சேரும்போதே நாற்பது வயது. அதற்கு முன் பதினோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஒப்பந்த வேலை. போன் பழுது என்று வருகிற புகாரை எழுதி லைன்மேனை அனுப்பிக்கொண்டிருந்தார். ஆள் குறைத்தபோது அந்த வேலை போயிற்று. வீட்டுக்காரர் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர், ஒரே மகள் கல்லூரியில்.

ஒரு நாளைக்கு நூற்றிருபது எண் பார்க்க வேண்டும். அக்கா தொண்ணூறைத் தாண்டியதில்லை. நிறுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு எண்ணுக்கும் தானே அடித்துப் பார்ப்பார்.

"ரெண்டு வருசமா யாரும் பேசலன்னா லைன் வேண்டாதது ஆயிருமா கிங்ஸ்டன்? சில போனு பேசுததுக்கு இல்ல, ஆபத்துக்கு" என்பார் என்னிடம்.

ஒருமுறை ஒரு ஆஸ்பத்திரி எண் சிவப்பில் வந்தது. அக்கா அடித்ததும் மறுமுனையில் யாரோ திடுக்கிட்டு எடுத்தார்கள். அது லிஃப்டுக்குள் இருந்த போன். அன்றைக்கே அக்கா மேனேஜர் ஸ்ரீசரணிடம் போய், இந்த மாதிரி எண்களுக்கென்று தனியாக ஒரு அடையாளம் வைக்கச் சொன்னார். அவன் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினான். பதில் இல்லை. ஸ்ரீசரண் கெட்டவன் இல்லை. மேலிருந்து அவனை நெருக்கினார்கள், அவன் எங்களை நெருக்கினான்.

அந்த மார்ச்சில் தூத்துக்குடிப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் பட்டியல் வந்தது. அதில் ஒரு லேண்ட்லைன் எண். பதினெட்டு மாதமாக ஒரு அழைப்பும் இல்லை. இடம் என்கிற கட்டத்தில் 'சி.ஆர். 3' என்று மட்டும் இருந்தது. அக்கா இரண்டு தடவை அடித்தார். மணி போனது, யாரும் எடுக்கவில்லை.

"சி.ஆர்.னா என்னதுலே?" என்று என்னிடம் கேட்டார்.

"கான்ஃபரன்ஸ் ரூமா இருக்கும்க்கா" என்றேன். என் திரையை விட்டுத் தலையைத் திருப்பக்கூட இல்லை.

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கம்பெனிக்கு மெயில் அனுப்பினார். ஏழு நாள் பொறுத்தார். பிறகு ஸ்ரீசரணிடம் போனார்.

"ஏழு நாள்ல பதில் வரலன்னா சம்மதம்னுதான் ஒப்பந்தத்துல இருக்கு. அழுத்துங்கக்கா, மாசக் கடைசி" என்றான்.

அழுத்தினார்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் வாசித்த பேப்பரை அக்கா மேஜைமேல் வைத்தார். தூத்துக்குடியில் மீன் கம்பெனியின் குளிர் அறைக்குள் சிக்கித் தொழிலாளி சாவு. பெயர் கைலாசம், வயது நாற்பத்திரண்டு. ஞாயிறு மத்தியானம் பெட்டி எண்ணிக்கை சரிபார்க்கத் தனியாக உள்ளே போனவர். உள்ளே இருந்து கதவைத் திறக்கிற பிடியில் ஐஸ் கட்டி இறுகிப்போயிருந்தது. திங்கள் காலையில்தான் பார்த்திருக்கிறார்கள்.

"பாவம்" என்று சொல்லிவிட்டு நாங்கள் வேலையைத் தொடங்கினோம். பதினொரு மணி இருக்கும். அக்கா புதிய இணைப்புகளின் பட்டியலைத் திறந்தார். அந்த மீன் கம்பெனி ஒரு இணைப்பு கேட்டிருந்தது. அதே எண் மறுபடி வேண்டும், அவசரம் என்று திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எழுதியிருந்தார்கள். இந்தத் தடவை இடத்தை முழுசாகப் போட்டிருந்தார்கள்: கோல்டு ரூம் மூன்று, உட்புறம், அவசரத் தொலைபேசி. சி.ஆர். என்றால் அந்தக் குளிர் அறை.

நான் எட்டிப் பார்த்தேன். அக்கா பழைய பதிவைத் தேடி எடுத்தார். நிறுத்தியவர் என்ற இடத்தில் அவர் பெயர், தேதி, மணி, நிமிஷம். தான் அனுப்பிய மெயில் யாருக்குப் போனது என்றும் பார்த்தார். அந்த ஆள் இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போனவர். மெயிலை யாரும் திறக்கவே இல்லை.

அக்கா ஸ்ரீசரணைக் கூப்பிட்டுக் காட்டினார். "யார்ட்டயும் பேசாதீங்க. சென்னையில வக்கீலக் கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றான்.

அக்கா அந்த மூன்று பக்கங்களையும் அச்சு எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் அவருடைய பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனோம். கைலாசத்தின் வீடு ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டி இருந்தது. என்னைத் துணைக்கு வரச் சொன்னது அக்காதான்.

கைலாசத்தின் மனைவி பேச்சித்தாய் எங்களைக் கம்பெனி ஆட்கள் என்று நினைத்துவிட்டார்.

"இன்னும் என்ன சொல்லிட்டுப் போவ வந்திய? தனியா உள்ள போனது அவரு தப்பு. சுவத்துல போனு இருந்துச்சு, எடுத்துப் பேசாதது அவரு தப்பு. எல்லாம் சொல்லியாச்சே" என்றார்.

"அந்த போனு செத்துக் கிடந்துச்சு" என்றார் அக்கா. "அத நிறுத்துனது நாந்தான்."

பேச்சித்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. அக்கா மார்ச் மாதத்திலிருந்து நடந்ததை எதையும் விடாமல் சொன்னார். தன் பேரில் பழி குறைகிற மாதிரி ஒரு சொல் சேர்க்கவில்லை. கான்ஃபரன்ஸ் ரூம் என்று நான் சொன்னதைக்கூடச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

"ரிசீவரு கீழ தொங்கிக்கிட்டு கிடந்துச்சுன்னு கூட வேல பாக்குதவரு சொன்னாரு" என்றார் பேச்சித்தாய் மெதுவாக. "அப்போ எடுத்திருக்காரு. எத்தன மட்டம் எடுத்து எடுத்துப் பாத்தாரோ."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி அக்காவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். நாங்கள் எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டோம். பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே வந்த பேச்சித்தாய் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"இத எழுதிக் குடுப்பியளா?"

"குடுப்பேன்" என்றார் அக்கா.

தொழிற்சாலை ஆய்வாளரிடம் அக்கா நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார், அச்சு எடுத்த தாள்களோடு. சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒருமுறைதான் கேட்டார். நான் போடவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது. தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காரணங்களுக்கா பஞ்சம்.

ஆய்வாளர் அறிக்கையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்ற வரி இல்லை. பேச்சித்தாய்க்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அஜாக்கிரதையால் மரணம் என்று போலீஸ் பதிந்த வழக்கில் மீன் கம்பெனியின் மேலாளர் முதல் எதிரி, சூப்பர்வைசர் இரண்டாவது, பிரம்மநாயகி மூன்றாவது. எங்கள் கம்பெனி பேர் அதில் இல்லை. இணைப்பை நிறுத்தியதாகப் பதிவில் இருந்தது ஒரே பேர்தானே. விதிமுறையை மீறியதாகச் சொல்லி அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

"எதுக்குப் போயி நீயா தலையக் குடுத்த?" என்று வீட்டுக்காரர் கேட்டாராம். அக்கா என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அந்த வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம், போலீஸ் கேஸ் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது.

இப்போது அக்கா முக்கூடலில் ஒரு பீடிக் கம்பெனியில் தராசில் இலை நிறுத்துக் கொடுக்கிறார். மாதம் ஒரு தடவை தூத்துக்குடி கோர்ட்டு. வாய்தா மேல் வாய்தா. முதலாம் எதிரிக்கு ஒருநாள் உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் அவர் வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை. லீவு போட முடிந்தால் நானும் போவேன். அக்கா ஒருபோதும் என்னைக் குறை சொன்னதில்லை. அதைத் தாங்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

போன வாய்தாவுக்குப் பேச்சித்தாய் வரவில்லை. விசாரித்தபோது, கைலாசத்தோடு வேலை பார்த்தவர்தான் சொன்னார்: பேச்சித்தாய் இப்போது அதே மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறாராம். வழக்கில் மாட்டியிருக்கிற அந்தக் கம்பெனியேதான் கூப்பிட்டு வேலை போட்டுக் கொடுத்தது. ரெண்டு பிள்ளைகள், என்ன செய்வார். இனிமேல் கோர்ட்டுக்கு வர மாட்டார் என்றார்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டார். "எந்த ரூம்புலயாம் வேல?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னவருக்கு அது தெரியவில்லை.