குச்சி தீட்டிய தூண்

சாரல் நனைத்த சாக்பீஸ் தூளின் வாசம் இன்று, சாலை விரிவாக்கத்தில் காணாமற்போன ஒரு கல்மண்டபத்தை நினைவூட்டியது: தென்காசியில் எங்கள் பள்ளிக்கு எதிரே நின்ற அதன் கல்வெட்டுத் தூணில்தான் நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிலேட்டுக் குச்சிகளை உரசித் தீட்டினோம், குச்சி கூராகக் கூராக எழுத்துகள் மழுங்கின. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் வகுப்பில் கேட்டேன். "அதுவா பரீட்சைக்கு வருது? போய் வருஷத்தைப் படிலே" என்றார் வரலாற்று வாத்தியார்.

இன்று நானே வரலாற்று ஆசிரியன். "எங்க ஊர்க் குளத்து மடையில இருந்துச்சு சார், என்னன்னு சொல்லுதியளா?" என்று ஒரு மாணவி, தான் பார்த்துத் தாளில் வரைந்த எழுத்துகளை நீட்டினாள். திங்களன்று தேர்வு, மூன்று பாடங்கள் பாக்கி.

"பரீட்சைக்கு வராதும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அதற்குள் அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஆண்டுகளை எழுதத் தொடங்கியிருந்தாள்.