அடியாளுக்கு வந்த முகவாதம்

அன்று காலை காரைக்குடி வீட்டில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானே ஒழுகிச் சட்டையை நனைத்தது. என் மனைவி வள்ளி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“புதுப் படத்துக்குப் பழகுறீகளாக்கும்! கோணவாய் நல்லாத்தான் இருக்கு.”

“நடிக்கலடி!” என்றேன். சொல் குழறியது.

“அடேயப்பா, குரலுமா!”

அவளைக் குறை சொல்ல முடியாது. சினிமாவில் நான் வில்லனின் அடியாள். வசனம் கிடையாது, முகத்தைக் கோணுவதுதான் பிழைப்பு. ஊருக்கு வந்தாலும் கண்ணாடி முன்னால் அதே வேலைதான். மத்தியானம் சோறு கன்னத்தில் அடைந்து, இடது கண்ணை மூட முடியாமல் நான் விழித்தபோதுதான் அவளுக்கு உதறல் எடுத்தது. அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் கைகளைத் தூக்கச் சொன்னார்; நெற்றியைச் சுருக்கச் சொன்னார். “பக்கவாதம் இல்ல, பயப்படாதீக. முகவாதம்” என்றார் (முகத்தின் ஒரு பக்கத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது). மாத்திரை கொடுத்தார். தூங்கும்போது கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

“எப்ப சரியாகும்?” என்று கேட்டேன்.

“பெரும்பாலும் சரியாயிரும். ஆனா நம்ம அவசரம் நரம்புக்குத் தெரியாதுல்ல?”

எனக்கு அவசரம்தான். அடுத்த மாதம் மெட்ராஸில் படப்பிடிப்பு. பாதி நடித்து முடித்த படம். முதல்முறையாக எனக்கு வசனம் எழுதியிருந்தார்கள்: சாகும் முன் நாலு வரி. அதில் ‘அம்மா’ என்று வரும். எனக்கோ உதடு ஒட்டவில்லை.

உங்களுக்கும் இது வந்திருந்தால், ஒன்று சொல்கிறேன். கண்ணாடியை ஓயாமல் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், எரிச்சலில் திருப்பி வைத்தேன், மறுபடி பார்த்தேன். கன்னத்தை ஊதினேன், விசிலடித்தேன், காற்றுத்தான் வந்தது. வள்ளி எண்ணெய் தடவ வந்தால் அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

படக் கம்பெனி மேனேஜர் நேரில் வந்து பார்த்தார். “உடம்பப் பாத்துக்கங்கண்ணே” என்று ஆப்பிள்களை வைத்துவிட்டுப் போனார். படப்பிடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சில மாதங்களில் உதடு அசைந்தது. ‘அம்மா’ என்று முழுதாகச் சொன்னேன். வள்ளி சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். இடது கண் மட்டும் இன்றும் வலதுக்குப் பின்தங்கித்தான் மூடுகிறது.

பிறகு படம் காரைக்குடிக்கு வந்தது. சாவுக் காட்சியில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு எவனோ குப்புறக் கிடந்தான். என் நாலு வரியை எவனோ பேசினான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

“எந்திரிங்க, போவோம்” என்றாள் வள்ளி.

மறுநாள் தனியாகப் போனேன், அதற்கு மறுநாளும். சாவைப் பார்க்க அல்ல. அதற்கு முன்னால் ஒரு காட்சியில் வில்லனுக்குப் பின்னால் சும்மா நிற்கிறேன். என் இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் இமைக்கின்றன. திரையில் நிற்கும் அந்த அடியாளுக்கு அது ஒன்றுமே இல்லை. கொட்டகையில் நான் மட்டும் கைதட்டினேன்.