சைலன்ஸரில் வைத்த காது

லூயிஸ் கையில் மீட்டரையோ கேஜையோ பார்த்தவர் யாருமில்லை. மந்தைவெளியில் குடியிருந்துகொண்டு ஈக்காட்டுத்தாங்கலில் ஒற்றை ஆளாகக் கார் ஷெட் நடத்துகிற அவருக்குக் காதுதான் எல்லாம். "இஞ்சின் இன்னா சொல்லுதுன்னு கேக்கத் தெரியாதவன்தான் மீட்டரு வெச்சிக்கினு சுத்துவான்" என்பார். வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். மனைவி ஷீலா இருந்தவரை அதைத் தட்டிவைத்தாள். அவள் போய் நான்கு வருடமாகிறது.

அல்போன்சா மிஸ் ஓய்வுபெற்ற டீச்சர். சாந்தோம் கோயிலில் லூயிஸுக்கு முன்வரிசையில் உட்காருகிறவர். ஞாயிறு பூசை முடிந்து கிளம்புகையில் மிஸ்ஸின் காரில் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. பேட்டரிதான் போச்சு என்று பங்குச் சனம் பத்துப் பேர் சேர்ந்து, கியரில் போட்டுத் தெருக்கோடிவரை தள்ளியிருக்கிறார்கள். நல்ல மனசு, யார் இல்லையென்றார்கள்? ஆனால் பெல்ட் அறுந்த இஞ்சினைச் சுற்றவிட்டால் பிஸ்டன் மேலேறி வால்வை இடித்து வளைத்துவிடும். மறுநாள் வண்டியைக் கட்டியிழுத்து லூயிஸின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார் மிஸ்.

"இஞ்சினைப் பிரிக்கணும்னா காயலான் கடைக்கு அனுப்பிடச் சொல்றான் என் மகன். பிரிக்கணுமா, வேணாமா லூயிஸ்? அத மட்டும் சொல்லுங்க." வண்டி போனால் மிஸ்ஸும் வீட்டோடு முடங்க வேண்டியதுதான்.

லூயிஸ் புது பெல்ட்டை மாட்டி, இஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, பிளக் இருந்த ஓட்டை வழியே ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஸர் காற்றை ஏற்றினார். வால்வு வளைந்திருந்தால் காற்று கசிந்து சைலன்ஸரில் உஸ்ஸென்று வரும். கம்ப்ரஸர் மோட்டாரை அணைத்துவிட்டு மண்டியிட்டு சைலன்ஸரில் காதை வைத்தார். நான்கு சிலிண்டருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"வால்வு தப்பிச்சிகிச்சு மிஸ்! ஸ்டார்ட் பண்ணிர்லாம்."

மிஸ் வண்டியின் பின்னால் நின்றிருந்தார். "அப்போ இது என்ன லூயிஸ்? குக்கர் மாதிரி உஸ்ஸுனு வருதே."

லூயிஸுக்குச் சுருக்கென்றது. சைலன்ஸர் வாயில் உள்ளங்கையை வைத்தார். காற்று ஜில்லென்று கையில் பட்டது. சாவியைத் திருப்பியிருந்தால் இஞ்சினைத் தன் கையாலேயே கொன்றிருப்பார். தலை நிமிரவில்லை.

"பிரிக்கணும் மிஸ். வால்வு வளைஞ்சி கீது. எனக்குத்தான் கேக்கல."

"எத்தன நாளா இப்படி? வீட்ல யாரும் சொல்லலையா?"

"வீட்ல யாரு மிஸ் கீறாங்க?"

"சரி, பிரிங்க. மகன்கிட்ட நான் பேசிக்கிறேன். திரும்பப் பூட்டினதும் சொல்லுங்க, நானே வந்து கேட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் லூயிஸ் வழக்கம்போல டிவியைப் போட்டார். முதல்முறையாகச் சத்தத்தின் எண்ணைப் பார்த்தார். எண்பது. இருபதைத் தாண்டினால் ஷீலா சமையலறையிலிருந்தே கத்துவாள். இருபதுக்குக் குறைத்துப் பார்த்தார். செய்தி வாசிக்கிற பெண்ணின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.