அப்ரெஹெத் பேசிய படம்

அப்ரெஹெத் பிறந்தது ரோமில், கர்பதெல்லா பேட்டையில். அம்மா ஆப்பிரிக்காவின் அஸ்மாராவிலிருந்து ஒரு ராணுவ அதிகாரி வீட்டுக்குச் சமையல்காரியாக வந்தவள். மகளுக்கு ஆப்பிரிக்காவைப் பள்ளிக்கூட வரைபடத்தில்தான் தெரியும். சந்தையில் மீன் விற்று வளர்ந்த வாய். அதனிடம் மாட்டித் தப்பியவர்கள் குறைவு.

சினிமாக்காரர்கள் கண்ணுக்கு அவள் தோல்தான் பட்டது. கலைப்படம் என்று பெயர் சூட்டிப் படுக்கையறையைக் காட்டிக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. நான்கு படங்களில் நடித்தாள்: அடிமை, சூனியக்காரி, தீவு இளவரசி, மறுபடியும் அடிமை. வெள்ளைத்தோல் நாயகிக்குக் காதல், கண்ணீர், மனக்குழப்பம் எல்லாம் உண்டு. இவளுக்கு ஒரு புலித்தோல். ஆடை அவிழ்ப்பதில் அவளுக்கு வெட்கம் இருந்ததில்லை. வாயைத் திறந்தால் வேறொருத்தி குரல் வந்ததுதான் வயிற்றெரிச்சல். ரோமில் படம்பிடிக்கும்போது ஒலி எடுப்பதில்லை, குரலைப் பிறகுதான் சேர்ப்பார்கள். இவளுக்கென்றே ஓர் உடைந்த இத்தாலியன் வைத்திருந்தார்கள்: "நான் போறது. நீ அழகு."

ஐந்தாவது படத்துக்கு இயக்குநர் வல்செக்கி வந்தபோது அவள் பிடிவாதமாக நின்றாள்.

"குரலும் என்னோடதா இருக்கணும் சார். இல்லேன்னா ஆளை விடுங்க, எனக்கு மீன் வெட்டுற வேலை இருக்கு."

"உன் குரல்தான். சத்தியம்."

வேடம் ஒரு தட்டச்சுக்காரி. காதலனைத் தானே தேடிக்கொண்டு, அலுத்ததும் தானே துரத்துபவள். அந்த வசனங்களைச் சொல்லிச் சொல்லி அப்ரெஹெத் பூரித்துப்போனாள்.

குரல் சேர்க்க யாரும் கூப்பிடவில்லை. அவளே போய்க் கதவைத் தள்ளினாள். திரையில் அவள் உதடு அசைகிறது. மைக் முன்னால் நீவெஸ் என்ற பின்னணிக் குரல்காரி நின்று, "நான் உன்னை வேணாம்" என்கிறாள்.

"இது என்ன கூத்து சார்?"

"கோவிச்சுக்காதே கண்ணு. நீ ரோமாபுரிக்காரி மாதிரி பேசினா ஜனங்க நம்ப மாட்டாங்க."

"மாதிரியா? நீங்க வடக்கே பெர்காமோவிலேர்ந்து மூட்டையோட வந்து எறங்கினப்போ நான் இங்க மூணாங்கிளாஸ் படிச்சிட்டிருந்தேன்!"

நீவெஸ் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினாள். படம் அப்படியே வெளியானது.

ஞாயிறு மதியம் கர்பதெல்லா தியேட்டரில் பாதி சந்தையே உட்கார்ந்திருந்தது. காதலனைத் துரத்தும் காட்சி. "நான் உன்னை..." என்று நீவெஸ் குரல் தொடங்கியதும் அப்ரெஹெத் நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

"எந்திரிய்யா! சட்டையை மாட்டு! இது என் கட்டிலு. நான் கூப்பிட்டேன், வந்தே. இப்ப போகச் சொல்றேன், கெளம்பு!"

திரையில் அசைந்த உதட்டுக்கு அந்தச் சொற்கள் கச்சிதமாகப் பொருந்தின. மேனேஜர் ஓடி வந்தார். "உக்காரும்மா, போலீசைக் கூப்பிடுவேன்!"

"நீ உக்காருய்யா! அவ பேசட்டும்!" என்று அரங்கமே கத்தியது. மேலே படம் ஓட்டுபவர் ஒலியை நிறுத்திவிட்டார். மிச்சப் படம் முழுவதும் அவள்தான் பேசினாள். காதலன் வசனத்தை நண்டு விற்கும் ரோமோலோ பேசினான், படுமோசமாக.

மறுநாள் வல்செக்கி மீன்கடைக்கே வந்து குதித்தார். "என் படத்தை நாசம் பண்ணிட்டியே!"

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "குரலைத்தான் சார் உங்களால திருட முடிஞ்சுது. உதடு என்னோடது, அது உண்மையைத்தான் சொல்லுது. தள்ளி நில்லுங்க, சாயங்கால ஆட்டத்துக்குப் பேசப் போக நேரமாச்சு."