மீட்டர் பலகையை இடம் மாற்றிய மழைக்காலம்

எங்கள் வீட்டில் மிக்ஸியைப் போடும் முன், "மோட்டார் ஓடுதுங்களா மாமா?" என்று மாமனாரிடம் கேட்டாக வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து ஓடினால் பியூஸ் போய்விடும். ஈப்போவில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அங்கே எங்கள் அடுக்குமாடி வீட்டில் மெயின் பெட்டி எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. இங்கே, கொல்லிமலை எடப்புளி நாட்டில், பீங்கான் பியூஸ் கட்டைகள் வைத்த மரப்பலகைக்கு எதிரே நின்றுதான் தினமும் சமைத்தேன்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வேலைக்கு வந்த செல்வத்தை நான் கல்யாணம் செய்துகொண்டபோது மலையில் குடியிருக்கும் பேச்சே இல்லை. மிளகு பறிக்க மரமேறிய மாமனார் விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு, இரண்டு வருஷம் அவர்கூட இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றார் செல்வம். வந்தோம். சமையலறை இடுக்காக இருந்தது. இருக்கிற வரைக்குமாவது வசதியாக நின்று சமைக்கலாமே என்று, சுவரை இடித்து அகலப்படுத்தச் சொன்னது நான்தான். அந்தச் சுவரில் மீட்டர் பலகை இருந்ததால் அதை வாசல் பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று.

பக்கத்து ஊரான சோளக்காட்டிலிருந்து வயர்மேன் பழனி வந்தார். புதுப் பெட்டிக்கான இடத்தைக் காட்டி, "இங்க பாசாங் பண்ணுங்க" என்றேன். பொருத்துவதற்கு நாம் சொல்லும் மலாய்ச் சொல் வாயில் வந்துவிட்டது. அவர் குழம்பிப்போய், "பாசாங்கு எதுக்குங்க? நெசமாத்தான் மாட்டித் தாறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு செல்வத்திடம், பழைய இணைப்பே போதுமா, மும்முனை இணைப்புக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

செல்வம் யோசிக்கவே இல்லை. "பெருசாவே போட்டுருங்க. இனி எங்க போகப் போறோம்? இங்கதானுங்களே இருக்கணும்."

பழனி போனதும், எப்போது இப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். செல்வத்தின் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சொவத்த இடிக்கலாம்னு நீ சொன்னப்பவே, உனக்கும் இங்கயே இருக்கச் சம்மதம்னு நெனச்சுட்டேன் கண்ணு."

அனுமதி கிடைத்து, இணைப்பைத் துண்டித்துப் பலகையைக் கழற்றிய மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மரங்கள் சாய்ந்து பஸ் நின்றது; லைன்மேன் வர வழியில்லை. இடித்த சுவருக்குக் கட்டிய தார்ப்பாயைத் தாண்டி மூடுபனி வீட்டுக்குள் வந்தது. போன் அணைந்துவிட்டது. ஈப்போவிலும் மாலையானால் மழைதான். ஆனால் குடையோடு இறங்கினால் பத்துக் கடை இருக்கும், யாராவது பேசுவார்கள். இங்கே வாசலில் இறங்கினால் எதிர்த்தோட்டத்து சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை.

நாங்கள் பேசிக்கொள்ளாததை மாமனார் கவனித்திருக்கிறார். தடியை ஊன்றி என்னிடம் வந்து, "நா ஒண்டியா இருந்துக்குவேன் சாமி. நீங்க ரண்டு பேரும் கெளம்புங்க" என்றார். உட்கார்ந்தால் தானாக எழ முடியாதவர். போகக்கூடாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பாதை திறந்ததும் லைன்மேன் வந்து இணைப்புக் கொடுத்தார். வீடு முழுக்க வெளிச்சம். போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஈப்போவில் வாங்கிய சார்ஜரின் தட்டையான கால்கள் புதுப் பிளக்கில் நுழையவில்லை. பழைய பிளக்கில் இறுக நின்ற அடாப்டரை நடுவில் வைத்தாலும் இதில் நழுவியது. அதை ஒரு கையால் சுவரோடு அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறியது. போன் உயிர் பெற்றவுடன் அம்மா அழைத்தார். இத்தனை நாள் பேசாததற்கு அழுதுவிட்டு, "எப்பம்மா வர்றீங்க?" என்றார்.

"கரண்டு வந்துருச்சும்மா" என்றேன்.

அம்மா மறுபடியும் கேட்டார். கையை எடுத்தால் அம்மாவின் குரல் நின்றுவிடும். சுவரை அழுத்தியபடியே நின்றுகொண்டிருந்தேன்.