பெர்சிஸின் ஏ மைனர்

பெர்சிஸுக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் முன்சீட்டுக் கம்பியில் பத்து விரலும் ஓடும். சுரண்டையில் பதினைந்து வருஷமாகச் சபைக்குக் கீபோர்டு வாசிக்கிறாள். கல்யாண வீட்டுக் கச்சேரிக்கும் போவாள். சினிமாப் பாட்டென்றால் ரெக்கார்டில் உள்ளதை அச்சுப் பிசகாமல் கொடுப்பாள். பாஸ்டர் ஜெபிக்கையில் அவர் குரலுக்கு அடியில் மெல்ல ஓடுகிற வாசிப்பும் அவளுடையதுதான். அது தொடங்கினாலே சபை எழுந்து கண்ணை மூடிக்கொள்ளும். எல்லாம் சரி, தனக்கென்று ஒரு வரி வாசித்தது உண்டா என்றால், ஊஹூம். அந்த நினைப்பு வந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

சாரல் சீசனில் குற்றாலத்து விடுதி ஒன்றின் சின்ன அரங்கில் வாசிக்க, கொச்சியிலிருந்து ஜாம் பேண்ட் ஒன்று வந்திருந்தது. அவர்களுடைய கீபோர்டுக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். மைக்செட்காரர் பெர்சிஸின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். கிட்டார் வாசிக்கும் ஜெனோ, நாகர்கோவில் பையன், போன் போட்டான்.

"பாட்டு லிஸ்ட் அனுப்புங்க தம்பி, பார்த்து வச்சுக்கிடுதேன்."

"ஜாம்னா லிஸ்ட்டெல்லாம் கிடையாதுக்கா. ஏ மைனர் ஸ்கேல்ல ஆரம்பிப்போம். அது எங்க போகுதோ, நாமளும் அங்க போவோம்."

போனை வைத்ததும் விஷயத்தை வீட்டில் சொன்னாள். புருஷன் பெஞ்சமின் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏட்டி, பாட்டே இல்லாம என்னத்தட்டி வாசிப்ப? மானம் போயிரும். வரலன்னு சொல்லிரு."

"இதையும் விட்டா ஆயுசுக்கும் அடுத்தவங்க பாட்டைத்தான் வாசிக்கணும்" என்றாள்.

சனிக்கிழமை சாயந்திரம் சபைப் பெண்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். ஐந்தருவியில் குளித்த ஈரத்தலையோடு, தங்கபுஷ்பம் ஆச்சி தலைமையில், முன்வரிசை முழுக்க அவர்கள்தான். ஓரத்தில் பெஞ்சமினும் உட்கார்ந்திருந்தான். இது போதாதென்று பின்னால் சீசனுக்கு வந்த கூட்டம் வேறு.

ஆரம்பித்தார்கள். பல்லவியும் இல்லை, சரணமும் இல்லை. டிரம்ஸ்காரன் ஒரு பக்கம் இழுத்தான், பாஸ் கிட்டார்க்காரன் இன்னொரு பக்கம் போனான். பெர்சிஸ் தெரிந்த நாலு சுரக்கூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். இது எப்போதடா முடியும் என்று பார்த்தால், முடிகிற வழியாக இல்லை. திடீரென்று ஜெனோ, இனி நீங்கள் தனியாக வாசியுங்கள் என்பதுபோல அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். தகரக்கூரையில் விழும் சாரல்தான் கேட்டது.

பயந்த விரல்கள் பழகிய இடத்துக்கே போயின. ஜெப வாசிப்பு!

அவ்வளவுதான், தங்கபுஷ்பம் ஆச்சி சட்டென்று எழுந்து முக்காடு போட்டுக் கண்ணை மூடினாள். முன்வரிசை மொத்தமும் எழுந்தது. பின்னால் இருந்தவர்கள் இது ஏதோ மரியாதை போலும் என்று தாங்களும் எழுந்து நின்றார்கள்.

'ஐயோ கர்த்தாவே!' பெர்சிஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. நிறுத்தவும் தைரியமில்லை. ஜெபம் பண்ணப்போகும் குரலுக்காகத் தலைகுனிந்து நிற்கிறார்கள். எந்தக் குரல் வரும்? பாஸ்டரா இருக்கிறார்? இருப்பது அவள் ஒருத்திதான்.

போகிற மானம் போகட்டும் என்று வலது கையை மேலே கொண்டுபோனாள். முதல் சுரமே தப்பு. அதையே மறுபடி அழுத்தினாள், வேண்டுமென்றே. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போனாள், அங்கிருந்து வேறொன்றுக்கு. ஆச்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அப்போது பாஸ் கிட்டார் மெதுவாக அவள் வாசிப்புக்குக் கீழே வந்து சேர்ந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர் குரலுக்கு அடியில் வாசித்தவளுக்கு அடியில் இன்று ஒருவன் வாசிக்கிறான். பெர்சிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஆச்சி மேடைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, நல்லா இருந்துச்சுட்டி! நாளைக்கு ஆராதனையில அதையே வாசி."

பெர்சிஸ் ஆசையாகக் கட்டைகளில் கை வைத்தாள். அந்தத் தப்புச் சுரம் வந்தது. அடுத்தது வரவில்லை. திரும்ப வைத்துப் பார்த்தாள், அப்போதும் இல்லை.

"கைய விட்டுப் போயிட்டு ஆச்சி. ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

பெஞ்சமின் சிரித்தான். "இதுக்கா இம்புட்டுப் பாடு?"

அவள் சிரிக்கவில்லை. வயரைச் சுற்றிக்கொண்டிருந்த ஜெனோவிடம் போய் நின்றாள். "தம்பி, அடுத்த புரோகிராம் எங்கன?"

"வெள்ளிக்கிழமை மூணாறுக்கா."

"நானும் வாரேன்" என்றாள். பெஞ்சமின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.